சோழமண்டலத்தில் ஒரு பகல்: மதுரைக் கண்ணோடு நவீன ஓவியம் பார்ப்பது பற்றி

தூரிகை (திருமங்கலம்):

நண்பர்களுக்கு வணக்கம். நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். சென்ற மாதம் அம்மாவையும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு, சென்னை இஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்தேன். நவீன ஓவியம் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் "அங்கே போய் நின்றால் நமக்கு என்ன புரியப்போகிறது?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் அன்று அம்மா ஓர் ஓவியத்தின் முன் நின்ற கால் மணி நேரத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது 1850-இல் தொடங்கிய பள்ளி. 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். நன்றாக வரையக்கூடிய பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய், பிறகு தூரிகையைத் தொடாமலே இருந்துவிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்களையும் உடன் பணியாற்றிய கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் கடற்கரையோரம் நிலம் வாங்கி இந்தக் கிராமத்தை உருவாக்கினார். நிலத்துக்கான பணத்தை, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, ஓவியர்களே சேர்த்தார்கள். வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் ஊர் அது. அங்கே 2009-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில்தான் மெட்ராஸ் கலை இயக்கம் என்று இன்று நாம் சொல்லும் அந்தத் தலைமுறையின் ஓவியங்களும் சிற்பங்களும் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கின்றன.

நாங்கள் போனது வாரநாள் காலை. கூட்டமே இல்லை. மகள் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்து வேகமாக நகர்ந்துவிட்டாள். அம்மா மட்டும் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைச் சேர்ந்த ஓர் ஓவியத்தின் முன் நின்றுவிட்டார். அந்த வரிசையை அவர் 1963-இல் தொடங்கினார். முதலில் கணக்குக் குறிகளும் ரோமன் எழுத்துகளும் வந்தன. பின்னர் மலையாள எழுத்தைப் போன்ற வடிவங்கள், ஜாதகக் கட்டங்கள், மீன், பாம்பு, விலங்கு உருவங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு முதலில் கட்டங்களை எண்ணினார். எங்கள் வீட்டில் யாருக்குப் பொருத்தம் பார்ப்பதென்றாலும் அவர் கையில்தான் ஜாதக நோட்டு இருக்கும். பன்னிரண்டு கட்டம் வரவில்லை. பிறகு எழுத்தைப் படித்துப் பார்த்தார். "மலையாளமா இது?" என்று கேட்டார். மலையாளம் மாதிரி இருக்கும், ஆனால் மலையாளம் தெரிந்தவர்களாலும் படிக்க முடியாது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நகரும்போது ஒன்று சொன்னார்: "எங்க அம்மா பத்திரத்தை இப்பிடித்தான் பாப்பாக."

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்த ஒன்றரைக் குழி நிலத்தின் கிரயப் பத்திரத்தை வருடத்தில் ஓரிரு முறை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, மடியில் விரித்து, முத்திரையையும் வரிகளையும் ஓரத்துக் கைரேகையையும் விரல் படாமல் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். ஒரு வரியும் படிக்காமலே அந்தத் தாளின் கனத்தை அவர் அறிந்திருந்தார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பணிக்கரைப் பற்றிப் பாடம் சொல்கிறேன். எழுத்தைப் படிக்காமல் பார்ப்பது என்றால் என்ன என்பதை அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தைப் போல நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இதை வைத்துக்கொண்டு பேசலாம் என்று விரும்புகிறேன். உங்களில் போனவர்கள் எப்படிப் பார்த்தீர்கள்? போகாதவர்களை எது தடுக்கிறது?

வடக்குமாசி வாசகர்:

அம்மையீர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் தாயார் சொன்னது மனத்தைத் தொட்டது. ஆயினும் எனக்குள்ள குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர் ஒன்றில் இத்தகைய அருங்காட்சியகம் ஒன்றுக்கு என் மனைவியோடு போனேன். பெயர் வேண்டாம். ஓவியங்களுக்குக் கீழே இருந்த சீட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. பாதிக்கு மேல் 'தலைப்பில்லாதது' என்று எழுதியிருந்தது. மனைவி ஓர் ஓவியத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சற்று நேரம் நின்றதும் காவலர் வந்து நகரச் சொன்னார். படித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அன்று ஒன்றும் தெரியாதவனாக வெளியே வந்தேன். அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று. நான் பிறந்ததிலிருந்து புதுமண்டபத்தைப் பார்க்கிறவன். ஆயிரங்கால் மண்டபத்துக் குறத்தியின் இடுப்புக் கூடையில் பின்னல் பின்னலாகக் கல் செதுக்கியிருப்பதைப் பார்த்தால், செய்தவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். நவீன ஓவியத்தில் அந்தத் திறமை எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுவார் இல்லை. திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறேன்.

தூரிகை (திருமங்கலம்):

ஐயா, முதல் குறையில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தமிழ்நாட்டில் தமிழ் ஓவியனின் படத்துக்குக் கீழே தமிழில் நான்கு வரி இல்லாமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நிற்பவரை நகரச் சொல்வது அதைவிட மோசம். நிற்பதற்காகத்தான் அந்த இடமே இருக்கிறது.

திறமை பற்றி மட்டும் சற்று நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். பாறையை நெம்புகிற அந்த நால்வரின் முதுகுத் தசையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை அதே கலைப்பள்ளியின் முதல்வர். பணிக்கரும் சிற்பி தனபாலும் அவரிடம் படித்தவர்கள். ஆளைப் பார்த்து ஆளைப் போலவே வரையவும் வனையவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்; பணிக்கர் இளமையில் தீட்டிய நீர்வண்ண நிலக்காட்சிகளைப் பார்த்தால், தென்னையும் உப்பங்கழியும் ஈரத்தோடு இருக்கும். அந்தத் திறமையைக் கையில் வைத்துக்கொண்டுதான், ஐரோப்பாவில் இருந்து வந்த முறையில் வரைந்துகொண்டே இருந்தால் நாம் யார் என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். தெரியாமல் விட்டவர்கள் அல்லர், தெரிந்து ஒதுக்கியவர்கள்.

உங்களுக்கு நான் பணிக்கரைக் காட்டமாட்டேன். ஓவியர் ஆதிமூலத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். திருச்சி மாவட்டத்துக் கீரம்பூர்க்காரர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, கறுப்பு மையில் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த துணி கண்ணாடிக்குள் இருப்பதை மதுரைக்காரர்களாகிய நாம் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் முழு உடையைக் களைந்து இடுப்புத் துணிக்கு மாறியதும் நம் மேலமாசி வீதியில்தான். அந்தத் துணியைப் பார்த்துவிட்டு ஆதிமூலத்தின் கோடுகளைப் பாருங்கள். சில படங்களில் துணியின் மடிப்பும், விலா எலும்பும், தோல் சுருக்கமும் ஒரே கோட்டில் வரும். எது துணி, எது உடம்பு என்று பிரிக்க முடியாது. கோடு தடிக்கும் இடத்தில் பேனா எவ்வளவு அழுத்தியது, மெலியும் இடத்தில் எவ்வளவு வேகமாகப் போனது என்பதைக் கண்ணால் தொடர்ந்து போகலாம். குறத்தியின் கூடையில் உளி போன வழியைப் பார்க்கிற உங்கள் கண்ணுக்கு இது தெரியாமல் போகாது.

சுங்குடி வீடு (மதுரை):

நான் ஓவியம் படித்தவன் இல்லை. மூன்று தலைமுறையாகச் சாயத் தொழில். மேலே பாத்திக் விற்று நிலம் வாங்கினார்கள் என்ற வரியில் நின்றுவிட்டேன். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், பொருத்தமில்லை என்றால் நீக்கிவிடலாம்.

பாத்திக்கும் எங்கள் சுங்குடியும் ஒரே குடும்பம். இரண்டிலும் வண்ணம் எங்கே ஏற வேண்டும் என்பதைவிட எங்கே ஏறக்கூடாது என்பதுதான் வேலை. சுங்குடியில் துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சிடுவோம். சாயத்தில் போட்டு எடுத்து, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் வரும். இதற்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைமுடிச்சுக்கு ஆள் குறைந்துபோய், இன்று கடையில் அதிகம் விற்பது மெழுகு அச்சு. மரக்கட்டையை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் பதித்துச் சாயமேற்றுவது. அதே மெழுகைத் தூரிகையில் எடுத்துக் கையால் வரைந்தால் அது பாத்திக்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? பாத்திக் துணியில் பின்னணியெங்கும் நரம்பு போல மெல்லிய கோடுகள் ஓடும். அதை யாரும் வரைவதில்லை. மெழுகு ஆறியதும் துணியைக் கசக்கினால் மெழுகு வெடிக்கும். வெடிப்பில் சாயம் புகும். மெழுகில் தேன்மெழுகு அதிகம் சேர்த்தால் வளைந்து கொடுக்கும், வெடிப்பு குறையும். பாரஃபின் அதிகமானால் நிறைய வெடிக்கும். எவ்வளவு வெடிக்க வேண்டும் என்பதைக் கலவையிலேயே முடிவு செய்யலாம், ஆனால் எந்த இடத்தில் வெடிக்கும் என்பது நம் கையில் இல்லை. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போகவேண்டும், திரும்பி வர முடியாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கும்வரை என்ன வந்திருக்கிறது என்று செய்தவனுக்கே முழுதாகத் தெரியாது.

அந்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வருடக்கணக்கில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய ஓவியத்துக்குள் போகாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஓவியம் உயர்ந்தது, துணி பிழைப்பு என்று பிரித்து எழுதுகிறார்கள். கைக்கு அந்தப் பிரிவு தெரியாது.

தூரிகை (திருமங்கலம்):

தயவுசெய்து நீக்காதீர்கள். இந்த இழையில் எனக்குத் தெரியாத ஒன்றை நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே மீண்டும் போகும்போது ஓவியங்களின் பின்னணியில் ஓடும் கோடுகளை இந்தக் கண்ணோடு பார்க்கப்போகிறேன். உங்கள் ஊகத்துக்கு வலுச்சேர்க்கும் ஒரு செய்தி: அந்தத் தலைமுறையில் ரெட்டெப்ப நாயுடு, வீர சந்தானம் போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் வரைந்து சம்பளம் வாங்கியவர்கள்.

உசிலை மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தபின் மூன்று முறை போயிருக்கிறேன். பானையோடுகளில் கீறியிருக்கும் குறியீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று இழுக்கிறது. பணிக்கரின் குறியீடுகளும் அதே வகைதானா? அடுத்தது, அருங்காட்சியகத்துக்குள் உட்கார்ந்து படம் வரைய விடுவார்களா? செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பெங்களூர்வாழ் மதுரைக்காரி:

இந்தப் பேச்சில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிய விரும்புகிறேன். தூரிகை அவர்கள் எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் "படிக்காமல் நின்று பார்" என்பதை எல்லோருக்கும் பொதுவான வழியாகச் சொல்லிவிடக்கூடாது என்று அஞ்சுகிறேன். அவருடைய தாயாருக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த மகள் இருந்தார். வடக்குமாசி ஐயாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வேறுபாடு அங்கேதான்.

பெங்களூரில் அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்குகிறது. 1954-இல் டெல்லியில் தொடங்கிய கலைக்கூடத்தின் கிளை. திங்கட்கிழமை விடுமுறை. பெரிய மரங்களுக்கு நடுவே பழைய மாளிகை, அதை ஒட்டிப் புதுக் கட்டடம். நான் அங்கே முதல் இரண்டு முறை போனபோது எதுவும் ஒட்டவில்லை. மூன்றாம் முறை போவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ரவிவர்மாவின் எண்ணெய் வண்ணம் நாட்டில் எப்படிப் பரவியது, வங்கத்தில் அதை மறுத்து ஏன் மென்வண்ணத்துக்குப் போனார்கள், ஜாமினி ராய் எதற்காகக் கடைத்தெருப் படக்காரர்களின் கோட்டை எடுத்துக்கொண்டார், அமிர்தா ஷேர்கில் பாரிசிலிருந்து வந்து தென்னாட்டுப் பயணத்துக்குப் பின் ஏன் மாறினார் என்று வரிசையாகத் தெரிந்தபின் போனேன். அப்போதுதான் ஒவ்வொரு படமும் இன்னொரு படத்துக்குப் பதில் சொல்கிறது என்பது தெரிந்தது. யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒருவரின் பேச்சைக் கேட்டால் பாதிதான் விளங்கும்.

என் வழக்கம் இதுதான்: முதலில் ஒரு சுற்று நிற்காமல் நடப்பேன், பிறகு மூன்று படங்களுக்கு மட்டும் திரும்பி வருவேன், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுவேன்.

விளாச்சேரி மண்:

நாங்கள் விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்கள். கொலு வந்தால் வேலை அதிகம். மற்ற நாளில் விநாயகர், குடில் பொம்மை என்று ஓடும். ஒரே ஒரு கேள்வி. அங்கே உலோகச் சிற்பங்கள் இருக்கின்றன என்கிறார்கள். அவற்றின் பின்புறம் எப்படி இருக்கிறது? எங்கள் பொம்மைக்குப் பின்புறம் பெரும்பாலும் வெறும் பூச்சுதான், ஏனென்றால் படியில் வைத்தால் யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. பெரிய கலைஞர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

தூரிகை (திருமங்கலம்):

ஒவ்வொருவராக வருகிறேன்.

தம்பி, உன் கீழடிக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ஒன்றை மற்றதோடு சேர்த்துக் கட்டிவிடாதே. பானையில் கீறியவருக்கு அந்தக் குறி என்னவென்று தெரியும். அவர் ஊராருக்கும் தெரிந்திருக்கும். பெயரோ, அடையாளமோ, வேறு ஏதோ ஒரு தேவை இருந்திருக்கும். ஆதன் என்று தமிழி என்னும் பழைய எழுத்தில் எழுதிய பானையோட்டை நாம் இன்றும் படிக்கிறோம். குறியீடுகளைப் படிக்கும் வழிதான் நமக்குத் தெரியாமல் போயிற்று. பணிக்கரின் படத்திலோ படிக்கும் வழி என்ற ஒன்றே தொடக்கத்திலிருந்து கிடையாது. எழுத்தின் வளைவும், வரி வரியாக அடுக்கிய ஒழுங்கும், ஓரத்துக் கட்டமும் மட்டும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். உன்னை இழுக்கும் அந்த ஏதோ ஒன்று இரண்டிலும் இருக்கலாம். அதை நம்பிப் போ. ஆனால் நம் ஊரில் நவீன ஓவியத்தைப் பாராட்டுவதென்றால் "இது நம்ம கோலம்தான், இது நம்ம அய்யனார் குதிரைதான்" என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படிச் சொன்னதும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். என் வகுப்பிலும் நான் அதைச் செய்திருக்கிறேன், இப்போது வருந்துகிறேன்.

வரைவதற்குப் பென்சிலும் சிறு நோட்டும் வைத்துக்கொள். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார். மை, வண்ணம் எதுவும் உள்ளே கொண்டுபோகாதே. செலவைப் பொறுத்தவரை ரயில் கட்டணம்தான் பெரியது. இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னையில் இருப்பாய். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்து இஞ்சம்பாக்கம் வழியாகத்தான் போகும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் சமகால ஓவியங்களுக்குத் தனிக்கூடம் ஒன்று 1984-இல் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடாதே.

பெங்களூர்ச் சகோதரிக்கு: நீங்கள் சொன்ன குறையை ஏற்கிறேன். அம்மாவின் பக்கத்தில் நான் இருந்தேன் என்பதை நானே எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னது நான் சொன்ன விவரத்தால் அன்று. நான் வாயை மூடிக்கொண்ட பிறகுதான். படித்துவிட்டுப் போவதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. ராமானுஜம் என்ற ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலத்திலேயே வாழ்ந்து, 1973-இல் இளம் வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். மைக்கோடுகளால் அடுக்கடுக்காக மாளிகைகள், பாம்புகள், தேவதைகள், நடுவே தொப்பி அணிந்த தன் உருவம் என்று வரைந்தவர். அவருடைய துயரக் கதையைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் படத்தில் அந்தத் துயரத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. என் மகளுக்குக் கதை தெரியாது. "இந்தத் தாத்தா எவ்ளோ சந்தோஷமா வீடு கட்டிருக்காரு" என்றாள். அவள் பார்த்ததும் அந்தப் படத்தில் இருக்கிறது. கதையை வீட்டுக்கு வந்தபின் சொன்னேன். அதன்பின் அவள் அச்சிட்ட படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

விளாச்சேரி அண்ணனுக்கு: வெட்கத்தோடு சொல்கிறேன், நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜானகிராம் என்ற சிற்பி உலோகத் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கண், இமை, அணிகலன் எல்லாம் செய்தார். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்புறம் மட்டும்தானே உண்டு? அதைப் போல எதிரே நின்று பார்ப்பதற்கான சிற்பம். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் அந்த முன்புறப் பார்வையைத்தான் தம் போக்கில் வளர்த்தார். மேற்கத்தியச் சிற்பம் சுற்றிவந்து பார்க்க வேண்டியது. இவர்கள் அதைத் தெரிந்தே விட்டார்கள்.

வடக்குமாசி வாசகர்:

அம்மையீர், சொன்னபடி செய்தேன். நண்பர் ஒருவரிடம் ஆதிமூலத்தின் படத்தொகுப்பை வாங்கி மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தேன். பிறகு தமுக்கத்துக்குப் போய் அந்தத் துணியைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு போகிறேன். துணியின் மடிப்புகளை இப்படி உற்றுப் பார்த்தது இதுவே முதல் முறை. எல்லா நவீன ஓவியமும் இனி விளங்கிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆதிமூலத்தின் கோடு மட்டும் எனக்குத் தெரிகிறது. என் மனைவிக்கும் காட்டினேன். அவர், காந்தியின் இல்லாத பல்லையும் ஒட்டிய கன்னத்தையும் காட்டும் ஒரு கோட்டைச் சுட்டி, "இது ஒரே இழுப்புல வந்திருக்கு" என்றார்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். இதைப் பார்க்க நாம் ஏன் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகவேண்டும்? மதுரையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கோயிலுக்குள் கலைக்கூடம் இருக்கிறது, திருமலை நாயக்கர் மகாலில் தொல்பொருள்கள் இருக்கின்றன, 2023-இல் நத்தம் சாலையில் இவ்வளவு பெரிய நூலகம் வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தென்மாவட்டத்துக் கைகள் என்ன வரைந்தன என்பதைக் காட்ட ஒரு நிரந்தரக் கூடம் இல்லை. ஓவியர் டிராட்ஸ்கி மருது இந்த மதுரையில் பிறந்தவர். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி எத்தனை வீட்டுப் பூஜையறையில் இருந்தன! அவற்றின் மூலப்படங்களை எங்கே போய்ப் பார்ப்பது? முறையாக ஒரு விண்ணப்பம் எழுதலாம், நான் எழுதித் தருகிறேன், உங்களில் யார் யார் கையெழுத்திடுவீர்கள்?

பெங்களூர்வாழ் மதுரைக்காரி:

கையெழுத்திடுகிறேன். ஆனால் நாட்காட்டிப் படங்களையும் நவீன ஓவியத்தையும் ஒரே கூடத்தில் வைப்பதை யோசிக்க வேண்டும். கொண்டையராஜுவின் வழியை மறுத்துத்தானே பணிக்கரின் மாணவர்கள் வேறு வழி தேடினார்கள்? இரண்டையும் கலந்து வைத்தால் அந்தச் சண்டையே பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சுங்குடி வீடு (மதுரை):

அக்கா, நீங்கள்தானே மேலே ஒரு படம் இன்னொரு படத்துக்குப் பதில் சொல்கிறது என்று எழுதினீர்கள். எதிரெதிர்ச் சுவரில் மாட்டுங்கள், சண்டை தெரியும். நடுவில் ஒரு கைமுடிச்சுச் சுங்குடியும் இருக்கட்டும். என் பாட்டி முடிச்சிட்ட சேலை ஒன்று இன்னும் முடிச்சு அவிழ்க்காமல் பெட்டியில் இருக்கிறது. அவர் போனபின் அதை அவிழ்க்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. கூடம் வந்தால் அப்படியே தருகிறேன்.

வடக்குமாசி வாசகர்:

விண்ணப்பத்தில் இதையும் சேர்க்கிறேன். சீட்டுகள் தமிழில் இருக்க வேண்டும் என்பது முதல் வரியாக இருக்கும்.

விளாச்சேரி மண்:

தாமதமாக எழுதுகிறேன். சென்னையில் பொம்மை இறக்கும் வேலை வந்தது. அதை முடித்துவிட்டு மகனோடு இஞ்சம்பாக்கம் போய்வந்தேன். ஆசிரியர் அம்மா சொன்ன ஓவியத்தின் முன்னாலும் நின்றேன். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது, நீங்கள் சொன்ன தகட்டு வழியில் செய்த சிற்பம் ஒன்றைக் கண்டேன். முன்னால் நின்று பார்த்தேன். முகம், மாலை, கம்பியில் சுருள் சுருளாக அணிகலன், எல்லாம் எதிரே நிற்பவனைப் பார்க்கின்றன. பீடம் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருந்தது. அங்கிருந்தவரிடம் கேட்டேன், தொடாமல் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் குனிந்து பின்னால் பார்த்தேன்.

பின்புறத்துக்கு எந்தப் பூச்சும் இல்லை. தகடு குழிந்து, சுத்தியல் விழுந்த ஒவ்வொரு அடியும் அம்மைத் தழும்பு போலப் பதிந்திருந்தது. மூக்கு வரவேண்டிய இடத்தில் அடிகள் நெருக்கமாக, சிறிதாக. கன்னத்துக்கு அகலமாக, ஆறி அமர்ந்து. பற்றவைத்த இடங்களில் உலோகம் கறுத்துச் சொட்டி நின்றது, அதை ராவி வழவழப்பாக்கவில்லை. முன்னால் சிரிக்கிற முகம் பின்னால் இருந்துதான் அடி வாங்கி வெளியே வந்திருக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். நாங்கள் அச்சில் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்பக்கத்தில் எங்கள் விரல் பள்ளம் விழும். சுட்டபின் வெள்ளையடித்து அதை மறைத்துவிடுவோம்.

மகன் பத்தாவது படிக்கிறான், பொம்மை வேலையில் அவனுக்கு நாட்டம் இல்லை. அவனும் குனிந்து பார்த்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஊருக்கு வந்த மறுநாள், காயவைத்திருந்த செட்டியார் பொம்மை ஒன்றைத் திருப்பி வைத்து, பின்புறத்துக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அது இப்போது திண்ணையில் பின்புறம் தெரிய இருக்கிறது.